கடையில் சொல்லி வாங்கியது

வருடத்துக்கு இரண்டு தரம், பகலும் இரவும் சமமாக வரும் நாளை நடுவில் வைத்து ஜப்பானியர்கள் ஏழு நாள் அனுஷ்டிக்கிறார்கள். மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஹிகன் என்று பெயர். அக்கரை என்று அர்த்தம். பாரமிதை என்ற பௌத்தச் சொல்லை ‘அக்கரை சேர்தல்’ என்று கொண்டு சீனத்தில் ஆக்கினார்கள். அதில் அக்கரை மட்டும் ஜப்பானில் ஒரு வாரத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. அந்த நாளில் சூரியன் நேர் மேற்கில் இறங்குகிறது. அமிதாபரின் சுகாவதியும் மேற்கில்தான். ஆகவே கல்லறைக்குப் போய்க் கல்லைக் கழுவிப் பூ வைக்கிறார்கள். வீட்டில் ஒரு பலகாரம் செய்து, முதலில் மாடத்தில் செத்தவர்களுக்கு வைத்துவிட்டு, பிறகு தாங்கள் தின்று, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். நான் எழுத வந்தது அந்தப் பலகாரத்தைப் பற்றி.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்வதானால் அது கொழுக்கட்டையை உள்வெளியாகப் புரட்டிப் போட்டது. சோறு உள்ளே, பூரணம் வெளியே. ஒட்டும் அரிசியை வேகவைத்து, அரைகுறையாகக் குத்தி, முட்டை வடிவத்தில் பிடித்து, மேலே அஸுக்கி என்ற சின்னச் சிவப்புப் பயறைச் சர்க்கரையோடு கிளறிய விழுதைக் கனமாக அப்பியிருப்பார்கள். பார்வைக்கு அழகில்லை. குழந்தைகள் ஆற்றங்கரையில் பிடித்து வைத்த ஈரமண் உருண்டை மாதிரி இருக்கும். ஜப்பானியப் பண்டங்கள் என்றாலே பூவும் இலையுமாகச் செதுக்கின தேநீர்ச் சடங்கு மிட்டாய்களை நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம். அந்த மிட்டாய்கள் தொழில்காரர்கள் கையில் பிறந்தவை. இது வீட்டுச் சமாச்சாரம்.

1986 கடைசியில் வேலை நிமித்தம் டோக்கியோ போனேன். நகரத்தின் வடபகுதியில் ஒரு பழைய மரவீட்டின் மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். அறுபதை நெருங்கிய வயது. 1987 மார்ச்சில் ஒருநாள் படியேறி வந்து ஒரு கறுப்பு அரக்குப் பெட்டியை நீட்டினார். மூடியில் சித்திரம் ஏதும் கிடையாது. உள்ளே ஐந்து உருண்டைகள். பெயர் கேட்டேன். ‘போத்தமோச்சி’ என்றார். செப்டம்பரில் அதே பெட்டி, அதே உருண்டைகள். ‘போத்தமோச்சி’ என்று நான் முந்திக்கொண்டேன். புதிதாகக் கற்ற வார்த்தையைக் காட்டிக்கொள்ளும் ஆசை. அவர் சிரித்து, ‘இது ஒஹகி’ என்றார். நான் இரண்டையும் ஒப்பிட முயன்றேன். வித்தியாசம் ஒன்றும் புலப்படவில்லை.

வித்தியாசம் பெயரில்தான். போத்தன் என்றால் பியோனி மலர், வசந்தத்துக்கு உரியது. ஹகி என்பது இலையுதிர்காலத்தில் மிகச் சிறிய ஊதாப் பூக்களை உதிர்க்கும் ஒரு புதர்ச்செடி. ஜப்பானியரின் மிகப் பழைய கவிதைத் தொகுதியான மான்யோஷூவில் அதிகம் பாடப்பட்ட செடி அது. மார்ச்சில் உருண்டையைப் பெரிதாகப் பிடித்துப் பியோனி என்பதும், செப்டம்பரில் கொஞ்சம் சிறிதாக, நீட்டினாற்போல் பிடித்து ஹகி என்பதும் வழக்கம். பியோனி மார்ச்சில் பூப்பதில்லை, ஏப்ரல் கடைசிக்கு மேல்தான் என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு காரணமும் சொல்வார்கள். புதுப்பயறு இலையுதிர்காலத்தில் அறுவடையாகும், தோல் மெத்தென்று இருக்கும், தோலோடு கிளறலாம். அதே பயறு குளிர்காலம் கழிந்து மார்ச் வருவதற்குள் தோல் தடித்துவிடும். சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கிவிட வேண்டும். இதன்படி ஒஹகி தோலோடு, போத்தமோச்சி தோலில்லாமல். எங்கள் வீட்டுக்கார அம்மாள் இரண்டு தடவையும் தோலோடுதான் செய்தார். ‘சல்லடை தேய்க்கத் தோளில் வலுவில்லை’ என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

மற்ற இரு பருவங்களுக்கும் பெயர் உண்டு. அவற்றை நம் கவிஞர்கள் கேட்க வேண்டும். மோச்சி என்றால் உலக்கையால் குத்துவது. அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இந்த உருண்டைக்கு அப்படிக் குத்துவதில்லை. எப்போது குத்தினார்கள் என்று அயலாருக்குத் தெரியாது. குத்துதலுக்கு ஜப்பானியில் த்ஸுகி. வந்து சேர்தலும் த்ஸுகி. இருட்டில் படகு எப்போது கரை சேர்ந்தது என்று தெரியாது. ஆகவே கோடையில் இதற்கு ‘இரவுப்படகு’ என்று பெயர். சந்திரனும் த்ஸுகி. வடக்குப் பார்த்த ஜன்னலில் சந்திரன் தெரியாது. ஆகவே குளிர்காலத்தில் ‘வடக்கு ஜன்னல்’. ஒரு சோற்று உருண்டைக்கு இவ்வளவா என்று தோன்றலாம். எனக்கு இதில் பிடித்தது, சிலேடை முழுவதும் இல்லாத ஒரு சத்தத்தின் மேல் கட்டப்பட்டிருப்பதுதான்.

பெட்டிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவதில்லை என்பது அங்கேயும் உண்டு. நம் வீடுகளில் ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வெற்றிலையாவது போட்டுத் தருவோம். அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால் ஒரு தீப்பெட்டியோ கொஞ்சம் காகிதமோ கூடப் போதுமாம். முதல் இரண்டு தடவையும் ஆரஞ்சுப் பழம் வைத்துக் கொடுத்தேன். 1988 மார்ச்சில் பெட்டி மறுபடி வந்தபோது எனக்கு ரோஷம் வந்தது. இந்தத் தடவை நானே செய்து திருப்புவது என்று முடிவு செய்தேன்.

கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறுவதைப் பார்த்து வளர்ந்தவன். இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. பயறை இரவு முழுவதும் ஊறவைத்தேன். வெந்துகொண்டிருக்கும்போதே சர்க்கரையைப் போட்டேன். அதற்கு மேல் பயறு வேக மறுத்தது. மூன்று மணி நேரம் கொதித்தும் நடுவில் ஒரு கெட்டித்தனம். பொறுமையிழந்து மிக்ஸியில் போட்டு அரைத்தேன். வந்தது பூரணமில்லை, போஸ்டர் ஒட்டுகிற பசை. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஹிகன் ஏழாம் நாள் சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஆறு உருண்டை வாங்கிவந்தேன். பிளாஸ்டிக் தட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். எல்லாம் ஒரே அளவாக இருந்தன. அது என் கண்ணை உறுத்தியது. ஒன்றை லேசாக அமுக்கினேன். இன்னொன்றின் விளிம்பைக் கட்டைவிரலால் கோணலாக்கினேன். வீட்டில் செய்ததுபோல் தெரிய வேண்டும் என்றுதான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பண்டத்தை வாங்கிவந்தது ஒரு விஷயமே இல்லை. அந்தக் கோணலைச் செய்தேனே, அதுதான்.

அம்மாள் மூடியைத் திறந்து பார்த்தார். ‘நீங்களே செய்ததா?’ என்றார். நான் ‘ஆமாம்’ என்றேன். அவர் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கி நெற்றிவரை உயர்த்தினார். ஒன்றைச் சிறு தட்டில் எடுத்து, கூடத்து மூலையில் இருந்த மாடத்தில் வைத்து, மணியைத் தட்டிக் கைகூப்பினார். எடுத்தது நான் கோணலாக்கிய உருண்டை.

மாடத்தில் ஒரு சின்னப் புகைப்படம் இருந்தது. அவருடைய அம்மா. 1945 மார்ச் 10 விடியற்காலை கிழக்கு டோக்கியோவை அமெரிக்க விமானங்கள் எரித்தபோது அந்த வீடு ஹோஞ்ஜோவில் இருந்தது. அன்று ஓர் இரவில் செத்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். இந்த அம்மாளுக்கு அப்போது பதினேழு வயது; வேலைக்குப் போட்டிருந்த தொழிற்சாலையில் இரவு முறை. இதையெல்லாம் அவர் அன்று சொல்லவில்லை. பின்னால், வேறொரு நாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று வாக்கியத்தில் சொன்னார். அந்த வருஷம் ஹிகன் அடுத்த வாரமே வந்ததாம். 1940லேயே டோக்கியோவில் சர்க்கரைக்குக் கூப்பன் வந்துவிட்டது. 1945ல் சர்க்கரை என்ற பேச்சே இல்லை. கல்லறையுமில்லை, மாடமுமில்லை. வைக்கப் பண்டமுமில்லை.

1988 செப்டம்பரில் பெட்டி மேலே வரவில்லை. அவர் மட்டும் வந்தார். ‘இந்தத் தடவை என் அடுப்படியில் சேர்ந்து செய்வோமா?’ என்றார். மார்ச் உருண்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேலாக அறுபது உருண்டைகளாவது வருஷாவருஷம் கையால் பிடித்தவருக்கு, கடை உருண்டையின் எடை தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று நான் பார்த்ததை எழுதிவைக்கிறேன். முந்நூறு கிராம் பயறு. ஊறவைக்கவில்லை. அஸுக்கியின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் துளை வழியாகத்தான் ஈரம் போக வேண்டும். ஊறுகிறவரை காத்திருப்பதைவிட நெருப்பில் வைப்பதே மேல். ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரை முழுதும் கொட்டிவிட்டார். துவர்ப்பு அதோடு போகும். புதுத் தண்ணீர் வைத்து, மறுபடி கொதிக்கும்போது ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். அதற்குத் ‘திடுக்கிடும் தண்ணீர்’ என்று பெயர். தண்ணீர் திடுக்கிடுகிறதா, பயறு திடுக்கிடுகிறதா என்று கேட்டேன். ‘பயறுதான்’ என்றார், சந்தேகமில்லாமல். பிறகு சின்ன நெருப்பு. பயறு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. வெந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். ஆட்காட்டி விரல் உதவாது. அதற்கு வலு அதிகம், வேகாததைக்கூட நசுக்கிவிடும். சுண்டுவிரலுக்கு நசுங்கினால்தான் வெந்தது. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இது உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம்தான் சர்க்கரை. முந்நூறு கிராம் பயறுக்கு முந்நூறு கிராம் சர்க்கரை, மூன்று பங்காக. சர்க்கரை முன்னால் விழுந்தால் பயறு இறுகிவிடும், அதற்குமேல் எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்றாகாது. நான் செய்த தப்பு அதுதான். குறைத்துப் போடலாமே என்றேன். எனக்குத் தித்திப்பு அதிகமாகப் பட்டது. அவர் தலையசைத்துவிட்டார். சர்க்கரையைப் பற்றி அவரோடு வாதிட எனக்கு யோக்யதை இல்லை என்பது பிறகு அந்த இரண்டு மூன்று வாக்கியங்களைக் கேட்டபோதுதான் புரிந்தது. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. மரக்கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு கணம் மூடாமல் நிற்க வேண்டும். அப்போது இறக்க வேண்டும். தளர்வாகத்தான் தெரியும், ஆறினால் இறுகும். இறுகட்டும் என்று அடுப்பிலேயே வைத்தால் ஆறினபிறகு கல்.

பசையாகப் போன என் விழுதைப் பற்றிச் சொன்னேன். கிடைத்த சந்தர்ப்பத்தில் பாதி உண்மை. மிக்ஸி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். காரணம் சொல்லத் தெரியவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பயறுக்குள் இருக்கும் மாவு மிக நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கிறது. மெதுவாக வேகும்போது அந்த அறையின் புரதம் முதலில் இறுகிச் சுவர்போல் நின்றுவிடுகிறது. மாவு உள்ளேயே வெந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், ஆனால் உடையாது. நாக்கில் மணல்மணலாக, ஆனால் மிருதுவாகத் தெரிவது இந்த உடையாத அறைகள்தான். கத்தி பட்டால் சுவர் கிழிந்து மாவு வெளியே வந்துவிடும், பசையாகிவிடும். தோல் நீக்கித் தண்ணீரில் அலசி வடிகட்டின நயமான விழுதும் அப்படியே: எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும் அது அரைத்ததில்லை, பிரித்தது.

அரிசி இரண்டு பங்கு ஒட்டுவது, ஒரு பங்கு சாதாரணம். ஒட்டும் அரிசி மணி மணியாகச் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும்; மற்றது கண்ணாடிபோல். செட்டிநாட்டுக் கவுனியரிசி வெந்து ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குணம் தெரியும். சேர்த்து ஊறவைத்து, வேகவைத்து, சூட்டோடு ஒரு மரக்குழவியை உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துக் குத்தினார். பாதி அரிசி மசிய வேண்டும், பாதி மணியாகவே நிற்க வேண்டும். இந்தப் பதத்துக்குப் பெயர் ஹங்கொரோஷி: அரைக்கொலை. முழுதும் மசித்தால் முழுக்கொலை. ஒரு கதை உண்டு. வழிப்போக்கன் ஒருவன் ஒரு கிழத் தம்பதி வீட்டில் இரவு தங்குகிறான். நாளைக்கு விருந்தாளிக்கு அரைக்கொலையா, ‘தெஉச்சி’யா என்று அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. தெஉச்சி என்றால் கையால் தட்டிச் செய்த நூடுல்ஸ்; தன் கையாலேயே வெட்டிப் போடுவதும் தெஉச்சி. அவன் இரவோடு இரவாக ஓடிவிடுகிறான். அம்மாள் இந்தக் கதையைக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

பிடிப்பது கடைசி. ஈரத்துணியை உள்ளங்கையில் விரித்து, விழுதை அதில் தட்டி, சோற்று உருண்டையை நடுவில் வைத்துத் துணியோடு மூட வேண்டும். நான் பிடித்தவை எல்லாம் கோணலாக வந்தன. மார்ச்சில் கட்டைவிரலால் நான் செய்த கோணல் மாதிரி ஒன்றுகூட இல்லை. உண்மையான கோணல் வேறு தினுசாக இருக்கிறது. அது எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை.

பல வருஷம் கழித்து, மசாவோகா ஷிகி எழுதிய ‘கியோக மன்ரோக்கு’ என்ற குறிப்பேட்டை அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தேன். ஹைக்கூ என்ற பெயரை இன்றைய அர்த்தத்தில் நிலைநிறுத்தியவர் ஷிகி. கண்டதைக் கண்டபடி வரைவது என்ற கொள்கையைக் கவிதைக்குக் கொண்டுவந்தவர். முதுகெலும்பில் காசநோய், டோக்கியோவின் நெகிஷியில் ஒரு சின்ன வீட்டில் அம்மாவும் தங்கையும் பார்த்துக்கொள்ள, திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தார். 1902 செப்டம்பர் 19ம் தேதி இறந்தபோது வயது 34. இந்தக் குறிப்பேடு 1901 செப்டம்பரில் தொடங்குகிறது; மல்லாந்து படுத்தபடி எழுதியது என்பதே தலைப்பின் அர்த்தம். பிரசுரத்துக்காக எழுதியதில்லை. காலையில் என்ன தின்றார், மத்தியானம் எத்தனை கிண்ணம், எப்போது வாந்தி, எப்போது கட்டு மாற்றினார்கள், எல்லாம் இருக்கிறது. தனக்கு அரிசி உருண்டை தின்ன ஆசையென்று வாய்விட்டுச் சொல்லியும் தங்கை ரித்ஸு தானாகப் புரிந்துகொண்டு வாங்கிவரவில்லை, கல்நெஞ்சக்காரி என்று ஒரு நாள் பொரிந்து தள்ளுகிறார். அந்தத் தங்கைதான் அவருடைய சீழ்த்துணிகளைத் தினமும் துவைத்தவள். அவருக்கு அது தெரியாமலில்லை. அடுத்து அதையும் எழுதுகிறார்.

அந்த மாதம் ஹிகன் வருகிறது. பக்கத்து வீடு குகா கத்ஸுனானுடையது. ஷிகி வேலை பார்த்த ‘நிப்பொன்’ பத்திரிகையின் ஆசிரியர் அவர். அங்கிருந்து வீட்டில் செய்த போத்தமோச்சி வருகிறது. இவர்கள் வீட்டிலிருந்து பதிலுக்குப் போனது மிட்டாய்க்காரனிடம் சொல்லி வாங்கியது. ஷிகி இதைக் குறித்துக்கொள்கிறார். கடையில் சொல்லிச் செய்வது சரியில்லை என்கிறார். உடனே, காசநோய்க்காரன் கிடக்கும் வீட்டில் செய்து அனுப்புவதைவிடச் சுகாதாரத்துக்கு இதுதான் மேலோ என்கிறார். எப்படியானாலும் போத்தமோச்சியைக் கொடுத்துப் போத்தமோச்சியை வாங்கிக்கொள்ளும் இந்த ஹிகன் பரிமாற்றமே முட்டாள்தனம் என்று முடிக்கிறார்.

நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட வெகுநேரம் பிடித்தது. மூன்றே வாக்கியத்தில் மூன்று நிலை. சம்பிரதாயத்தை மீறிவிட்டோமே என்ற குறுகுறுப்பு. என் வீட்டுக் கை இனி பிறர் வாய்க்கு ஆகாது என்ற, சுகாதாரம் என்ற சொல்லில் ஒளித்துவைத்த துக்கம். போகட்டும், எல்லாமே பைத்தியக்காரத்தனம் என்ற எரிச்சல். ஒன்றையும் அவர் அழிக்கவில்லை. கடையில் வாங்கியதைக் கடையில் வாங்கியது என்று எழுதிவைத்திருக்கிறார், யாரும் படிக்கப்போவதில்லை என்று நினைத்த ஒரு நோட்டில். கண்டபடி வரைதல் என்பதற்கு அவர் எழுதிய கட்டுரைகளைவிட எனக்கு இந்த மூன்று வாக்கியங்கள் அதிகம் சொல்கின்றன.

இதை நம் வட்டத்து நண்பர்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானியக் கவிதையைப் பற்றி பாரதி 1916ல் சுதேசமித்திரனில் எழுதினார். அவருக்கு அது கிடைத்தது ஆங்கிலத்தின் வழியாக; அவர் அதை மறைக்கவில்லை. அவருக்குப் பின் நாம் எழுதிய ஹைக்கூக்களும் பெரும்பாலும் ஆங்கிலக் கடையில் சொல்லி வாங்கியவைதான். வாங்குவதில் தப்பில்லை. நோயாளி உள்ள வீட்டுக்கு வேறு வழியில்லாத காலமும் உண்டு. ஆனால் வாங்கியதன் விளிம்பை நாம் கட்டைவிரலால் கொஞ்சம் அமுக்குகிறோம். ஒரு தவளையை எடுத்துவிட்டு ஒரு குருவியை வைக்கிறோம். செர்ரிப்பூ இருந்த இடத்தில் வேப்பம்பூ. நீங்களே செய்ததா என்று கேட்டால் ஆமாம் என்கிறோம். நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் பக்கங்களில் நான் எழுதிய கவிதைகளைப் படித்தவர்களுக்கு உதாரணம் தேட வேண்டியிருக்காது.

இதற்கு எதிர்ப்புறமான வழியும் நம்மிடம் பிரசித்தம்: அங்கே இருப்பதெல்லாம் இங்கிருந்து போனது என்று சொல்லிவிடுவது. 1980 வாக்கிலிருந்து மொழியியலாளர் ஸுஸுமு ஓனோ ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் இருக்கிறது என்று வாதிட்டார். ஜனவரி 15ம் தேதி ஜப்பானில் அஸுக்கிக் கஞ்சி சாப்பிடுவதை நம் பொங்கலோடு ஒப்பிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லும் படிப்பில்லை. ஆனால் அந்த அடுப்படியில் நான் நின்ற தினம் இது நம் கொழுக்கட்டைதானே என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது என்பதும், சொல்லியிருந்தால் சுண்டுவிரலை நான் கவனித்திருக்கமாட்டேன் என்பதும் நிச்சயம்.

1991 ஏப்ரலில் ஊர் திரும்பினேன். மார்ச் ஹிகனுக்கு வந்த பெட்டியைக் கழுவித் துடைத்து, நானே செய்து திருப்புவதற்காகத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கிளம்புகிற அவசரத்தில் செய்யவில்லை. சாமான் கட்ட வந்தவர்கள் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சென்னையில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். 1988 மார்ச்சைப் பற்றியும் அதில் எழுத நினைத்து ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவரிடமிருந்து பதில் வந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். காலியாக அனுப்பக்கூடாது, எதையாவது வைத்து அனுப்பினால் கப்பலில் கெட்டுவிடும். ஆகவே உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். 1996 டிசம்பரில் ஒரு தபால் அட்டை வந்தது. வீட்டில் துக்கம், ஆகவே இந்த வருஷம் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதற்கில்லை என்று அச்சடித்த, சாம்பல் நிறக் கோடு போட்ட அட்டை. கீழே அவருடைய பெயரும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தேதியும்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் நான் இதைச் செய்கிறேன். அஸுக்கி கிடைக்காத வருஷங்களில் சிவப்புக் காராமணி. அதுவும் உறவுதான், டோக்கியோப் பக்கத்தில் சிவப்புச்சோறு ஆக்குவதற்கு அஸுக்கிக்குப் பதில் காராமணியைத்தான் போட்டார்கள். அஸுக்கி வேகும்போது வயிறு கிழிந்துவிடும், ஸாமுராய்களுக்கு அது ஆகாது என்று சொல்வார்கள். காராமணி விழுதுக்கு அந்த வாசனை இல்லை. கொஞ்சம் பச்சையாக ஒரு நெடி நிற்கிறது. ஒட்டும் அரிசிக்கு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கடை. எப்படிச் செய்தாலும் அது ஒஹகி இல்லை, கொழுக்கட்டையும் இல்லை. மிக்ஸியைத் தொடுவதில்லை. முதல் உருண்டையைத் தனியாக எடுத்து வைக்கிறேன். எங்கள் வீட்டில் மாடம் கிடையாது, அலமாரியில் புத்தகங்களுக்கு முன்னால்.

மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கி எதிர்வீட்டில் கொடுப்பேன். போன செப்டம்பரில் அந்த வீட்டுப் பெண் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது.

‘நீங்களே செஞ்சதா சார்?’ என்றாள்.

‘ஆமாம்’ என்றேன்.

‘பார்த்தாலே தெரியுது’ என்றாள். ‘பூரணத்தை வெளியே வச்சுட்டீங்க.’